விஜயதசமியன்று பறந்த விமானம்

என் தங்கை புருஷன் அர்ச்சுனனுக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஏரோப்ளான் அர்ச்சுனன் என்று பேர். கோலா சாவா பக்கம் எந்த லயத்து வரிசை வீட்டில் போய்க் கேட்டாலும் அப்படிச் சொன்னால்தான் தெரியும். அந்தப் பேரை வைத்தவனே நான்தான். கேலிக்கு வைத்தது. பேர் ஒட்டிக்கொண்டபோது எனக்கு ஏக சந்தோஷம். இப்போது யாராவது அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. மனசுக்குள் வைத்துப் புழுங்கி என்ன பண்ணப்போகிறேன், சொல்லித் தொலைக்கிறேன்.

நானும் அவனும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். நான் ஒரு வயது மூத்தவன். ஆறாம் வகுப்போடு இரண்டு பேர் படிப்பும் நின்றது. எனக்குப் படிப்பு ஏறவில்லை, நின்றது நியாயம். அவனுக்கு நன்றாக ஏறியது. அவன் அப்பா மாயாண்டி மழையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்ததால் அவன் பால் வாளியைத் தூக்க வேண்டி வந்தது. அது அநியாயம், ஆனால் தோட்டத்தில் அதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசித்தார்கள்?

இருபத்தொரு வயதில் நான் லாரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு சிரம்பானுக்கு ஓடிவிட்டேன். அவன் தோட்டத்தை விட்டு நகரவில்லை. பாலெடுக்க மரம் வெட்டும் வேலையிலிருந்து மெல்ல என்ஜின் ரூமுக்கு மாறினான். மாலையில் லயத்துக்கெல்லாம் விளக்கு எரிய ஜெனரேட்டரை ஓட்டுவது, ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற மிஷின் நின்றுபோனால் கழற்றிப் பார்ப்பது, இதுதான் வேலை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரிந்தவன் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருத்தன்தான். ஆபீஸ் கிராணி வீட்டு ரேடியோ முதல் வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுத் தையல் மிஷின் வரை அவனிடம்தான் வரும். கூலி கேட்க மாட்டான். பால் விடாத தே ஓ ஒரு கிளாஸ் கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவான், அசடு.

எழுபத்தெட்டில் என் தங்கை ராக்கம்மாவை அவனுக்குக் கட்டிவைத்தோம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். குழந்தை மட்டும் இல்லாமல் போயிற்று. அதற்காக இரண்டு பேரும் சேர்ந்து போகாத கோயில் இல்லை. அப்புறம் ஒரு கட்டத்தில் போவதை நிறுத்திவிட்டார்கள்.

விமானம் அவன் வாழ்க்கைக்குள் வந்தது எண்பத்தேழில். துரை மாற்றலாகிப் போனபோது பங்களாவிலிருந்து வெளியே வீசிய குப்பையில் ஒரு பொம்மை பீரங்கி வண்டி கிடந்தது. ரிமோட்டில் ஓடுகிற வண்டி. இடது பக்கச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலது பக்கத்துக்கு ஒரு மோட்டார். ரிமோட்டிலும் இரண்டு குச்சி. இடது குச்சியைத் தள்ளினால் இடது மோட்டார் ஓடும், வலது குச்சிக்கு வலது மோட்டார். வண்டி நொறுங்கியிருந்தது, உள்ளே இருந்த ரேடியோ பலகை மட்டும் உயிரோடு இருந்தது. இந்த மனுஷன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அந்த வாரம் நான் லாரியோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். "மச்சான், ரெண்டு மோட்டாரையும் ஒரு றெக்கையில மாட்டுனா என்னாவும்?" என்று கேட்டான்.

"ஒன்னும் ஆவாது. ராக்கம்மா உன்னைய வீட்ட விட்டு வெரட்டுவா."

"ரெண்டும் ஓடுனா மேல ஏறும். இடது பக்கத்த நிறுத்துனா இடது பக்கம் திரும்பும். வலது பக்கத்த நிறுத்துனா வலது. ரெண்டையும் நிறுத்துனா மெதுவா எறங்கிரும். வேற ஒரு சாமானும் வேணாம் மச்சான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "மாப்ள, மொதல்ல ஒழுங்கா ஒரு சைக்கிள் வாங்கு, அப்புறம் ஏரோப்ளான்ல போலாம்" என்றேன். லயமே சிரித்தது. அன்றைக்கு வந்த பேர்தான் அது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று அவன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தான். மீன் பெட்டியின் வெள்ளை நுரையைச் சீவி முதல் றெக்கையைச் செய்தான். செருப்புக்கடைக் கோந்தால் ஒட்டினான். அந்தக் கோந்து நுரையைத் தின்றுவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் றெக்கை நடுவில் ஓட்டை. வேறு கோந்து, வேறு ஓட்டை. கடைசியில் எது ஒட்டியது தெரியுமா? நம்முடைய ரப்பர் பால்! ஸ்டோரிலிருந்து ஒரு சிரட்டைப் பாலை எடுத்து இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தினான். பிய்த்தாலும் வரவில்லை. இருபது வருஷம் அந்தப் பாலில் கிடந்து நாறியிருக்கிறோம், அதில் விமானம் ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றியதா?

மீன் பெட்டி நுரை கனம் என்று பிறகு அட்டைக்கு மாறினான். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய நுரை அட்டை சிரம்பான் பக்கம் தெமியாங்கில் ஒரு போர்டு எழுதும் கடையில் இருந்தது. கல்யாண மண்டபத்துக்கு எழுத்து வெட்டியது போக மிச்சத்தைச் சும்மாவே கொடுப்பார்கள். நான்தான் லாரியில் கொண்டுவந்து போடுவேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன். அவன் விமானத்தின் இடது றெக்கையில் எப்போதும் யாரோ ஒரு மணப்பெண்ணின் பேரில் பாதி இருக்கும். அட்டையைச் சவரக்கத்தி பிளேடால் கீறி, மடித்து, மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே கொடுத்து ஒட்டுவான்.

பீரங்கி வண்டி மோட்டாருக்கு வேகம் போதவில்லை. பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் விற்கிற ரேஸ் கார் பொம்மையின் மோட்டார்தான் சரி என்று கண்டுபிடித்தான். கட்டைவிரல் அளவு இருக்கும், பின்பக்கம் காற்றுப் போக இரண்டு சின்ன ஓட்டை. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் விமானம் நேராகப் போகும். அதனால் எட்டு பத்து மோட்டாரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ஓட்டி, காதருகே வைத்துக் கேட்டு ஜோடி சேர்ப்பான். "பொருத்தம் பாக்குறாரு. நமக்குப் பாத்தப்ப இவ்ளோ பாக்கல" என்று ராக்கம்மா சொல்லிச் சிரிப்பாள். பேட்டரி பழைய வாக்கி டாக்கியில் பிடுங்கியது. காற்றாடியை மூங்கிலில் சீவிக்கொள்வான்.

முதல் விமானம் பள்ளிக்கூடத் திடலில் மூன்று கஜம் போய் மூக்குக் குத்தி விழுந்தது. இரண்டாவது மாட்டுக் கொட்டகைக் கூரையில். மூன்றாவது என் லாரிக்கு அடியில், அதற்கு நான் அவனைத் திட்டிய திட்டு நாலு லயத்துக்குக் கேட்டது. எத்தனையாவது என்று எனக்கு நினைவில்லை, தொண்ணூற்றிரண்டு பொங்கலுக்கு மறுநாள் ஒன்று எழுந்தது. பால் மரங்களுக்கு மேலே ஏறி, திடலை நாலு சுற்றுச் சுற்றி, அவன் காலடியிலேயே வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். அவன் என்னைப் பார்த்து, "வலது மோட்டாரு கொஞ்சம் சோம்பேறி மச்சான், மாத்தணும்" என்றான். அவ்வளவுதான் அவன் கொண்டாட்டம்.

தொண்ணூற்று மூன்று ஆகஸ்ட்டில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடமைப்புக் கொம்பெனி ஒன்று வாங்கியது. டிசம்பர் கடைசிக்குள் லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்று ஆபீஸ் சுவரில் மலாயில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருந்த இடத்துக்கு ஒரு காகிதம். இளசுகள் செனவாங் பேக்டரிக்கு ஓடின. நாற்பது வயதுக்காரன், கையில் ஒரு சர்டிபிகேட் இல்லாதவன், எங்கே போவான்? அர்ச்சுனன் நாலு வொர்க்‌ஷாப்பில் ஏறி இறங்கினான். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அதோடு சரி.

அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். நான் ஓட்டிய லாரி லோபாக்கில் மெய்யப்பன் என்பவருடைய கடைக்குச் சரக்கு இறக்கும். வட்டிக்கடைக் குடும்பம். இவர் மட்டும் அந்தத் தொழில் பிடிக்காமல் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். டாக்டர்களும் பட்டாளத்து அதிகாரிகளும் ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடுகிற பெரிய விமானங்களெல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். ஒரு நாள் பெட்டி இறக்கும்போது என் மாப்பிள்ளை ரப்பர் பாலில் விமானம் ஒட்டுவான் என்று பீற்றிக்கொண்டேன். அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிறே காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார். அர்ச்சுனன் பறக்கவிட்டுக் காட்டினான். மனுஷன் அசந்துபோனார்.

"அர்ச்சுனா, இதச் சின்னதா, விலை கம்மியா வித்தா எவ்ளோ பேரு வாங்குவாங்க தெரியுமா?" என்றார். "கேஎல் பட்டணத்துல ரெண்டு கடைக்காரவுங்க இருக்காங்க. அவுங்க பாத்துச் சரின்னுட்டா மொதல் ஆர்டரே நூறு. நீ எங்கிட்ட வந்துரு. கடைக்கு மேல ரெண்டு ரூமு சும்மாத்தான் கிடக்கு, நீயும் உன் சம்சாரமும் இருந்துக்குங்க. ஆனா அவுங்க கண்ணால பாக்கணும். பாக்காம ஒரு வார்த்தை பேசமாட்டாங்க."

வேலையும் வீடும் ஒரே வாயில்! ராக்கம்மா அன்றைக்கு மெய்யப்பனுக்கு இரண்டு தடவை காப்பி போட்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். பார்த்தால் அது விஜயதசமி. முந்தின நாள் சனிக்கிழமை ஆயுத பூஜை. இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும் என்று நான்தான் குதித்தேன்.

சனிக்கிழமை சாயந்தரம் என் லாரியைக் கழுவி லயத்து வாசலில் நிறுத்தினேன். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொரி கடலையெல்லாம் வைத்தாயிற்று. அர்ச்சுனன் தன் சாமான்களைப் பாயில் பரப்பினான். குறடு, ஈயம் பற்றவைக்கிற கோல், திருப்புளி, பிளேடு, ரிமோட்டு, நடுவில் விமானம். இந்தத் தடவை பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். இரண்டு மாதமாகப் பொறுக்கிச் சேர்த்த மோட்டார் ஜோடி. முந்தின நாள் மட்டும் ஒன்பது தடவை பறக்கவிட்டு இறக்கியிருந்தான்.

சந்தனக் கிண்ணம் என் கையில். மூத்தவன், லாரிக்காரன், பூஜை என் பூஜை. லாரிக்கு வைத்தேன், குறட்டுக்கு வைத்தேன், ரிமோட்டுக்கு வைத்தேன். விமானத்துக்கு மூக்கில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு மோட்டாருக்குக் குனிந்தேன்.

"மச்சான், மூக்குல வச்சாப் போதும்" என்றான் அர்ச்சுனன். "மோட்டாரு பின்னால வேணாம்."

"ஏண்டா, நாளைக்கு ஓடப்போறது மூக்கா, மோட்டாரா? மோட்டாருக்கு வைக்காம அட்டைக்கு வச்சு என்ன பிரயோசனம்?"

"அங்க ஓட்டை இருக்கு மச்சான்."

"சாமிக்கு ஓட்டையாவது ஒடசலாவது. போடா." கட்டைவிரலால் நன்றாக எடுத்து, இரண்டு மோட்டாரின் பின்பக்கமும் அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம். குழைத்த சந்தனம், பன்னீர் வாசம் கமகமவென்று வந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் கேலிக்கு அதைச் செய்யவில்லை. அத்தனை வருஷம் கேலி செய்தவன் அன்றைக்குத்தான் நெஞ்சார அவனுக்காக வேண்டிக்கொண்டேன்.

அவன் கை விமானத்துப் பக்கம் போயிற்று. ராக்கம்மா, "சாமிக்கு வச்சதத் தொடைக்காதீங்க" என்றாள். கையை இழுத்துக்கொண்டான். ஒரு திருப்புளியை எடுத்து அந்த மோட்டாரைக் கழற்றியிருக்கலாம். ஆனால் திருப்புளியும் பூஜையில் இருக்கிறதே! ஆயுத பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் பூஜை எடுக்கும் வரை தொடக் கூடாது. அவனும் தொடவில்லை. எங்கள் ஆட்களில் யாராய் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிப் பூஜை எடுத்தோம். எட்டரைக்குத் திடலில் இருக்க வேண்டும். நான் லாரியில் ஏறி ஆரனை அடித்துக்கொண்டிருந்தேன். அவன் படியில் உட்கார்ந்து விமானத்தை மடியில் வைத்து ஒரு ஊசியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ரெண்டு நிமிஷம்."

"அங்க போயிப் பாத்துக்கலாம், ஏறுலா! பெரிய மனுசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. உன் ரெண்டு நிமிஷம் என்னிக்கு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு?"

ஏறிவிட்டான். வழி முழுக்க விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல் நகத்தால் மோட்டார் பின்பக்கம் சுரண்டிக்கொண்டே வந்தான். காய்ந்த சந்தனம் அவன் வேட்டியில் உதிர்ந்தது. நான் பசியாறுவதற்குக்கூட லாரியை நிறுத்தவில்லை.

லோபாக்கைத் தாண்டி இருந்த அந்தத் திடலில் மெய்யப்பனும் கேஎல் ஆட்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மெய்யப்பன், "வா, வா, சீக்கிரம்" என்றார். அர்ச்சுனன் இரண்டு மோட்டாரையும் ஓட்டிப் பார்த்தான். இரண்டும் ஓடின. காதை வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். நான், "விடு மாப்ள, விடு" என்றேன்.

விட்டான். அழகாகத்தான் ஏறியது. ஒரு சுற்று. கேஎல்காரர் ஒருத்தர், "அட" என்றார், என் காதில் விழுந்தது. இரண்டாம் சுற்றில் இன்னும் உயரம் காட்டலாம் என்று இரண்டு குச்சியையும் முழுக்கத் தள்ளினான். தலைக்கு மேலே சத்தம் மாறியது. இரண்டு குரலில் ஒரு குரல் இல்லை. இடது காற்றாடி அசையாமல் நின்றதைக் கீழே இருந்தே பார்த்தேன். வலது மோட்டார் விமானத்தைப் பம்பரமாகச் சுற்ற வைத்தது. அவன் வலதையும் நிறுத்தினான், அதற்குள் மூக்கு கீழே திரும்பிவிட்டது. திடல் ஓரத்தில் ரோடு போடக் கொட்டிய கற்குவியலில் போய் விழுந்தது. நுரை அட்டை விழுந்தால் பெரிய சத்தம் கேட்காது.

அர்ச்சுனன் ஓடவில்லை, நடந்துதான் போனான். றெக்கை இரண்டாக ஒடிந்திருந்தது. இடது மோட்டாரைப் பிய்த்து எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மோந்து பார்க்கிறானே, கருகிவிட்டதோ என்று நான் நினைத்தேன்.

மெய்யப்பன் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, "என்னாச்சு அர்ச்சுனா? மோட்டாரா?" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு அவமானம், ஆத்திரம், எல்லாம் சேர்ந்து வந்தது. "முதலாளி, நேத்து நாங்க மொறையா பூசை போட்டோம். என் கையாலயே ஒவ்வொரு மோட்டாருக்கும் சந்தனம் வச்சேன். ஒரு கொறையும் வைக்கல. எப்படி ஆச்சுன்னே தெரியலயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கத்தினேன்.

அர்ச்சுனன் என்னைப் பார்த்தான். திறந்த வாயை மூடினான். மெய்யப்பன் பக்கம் திரும்பி, "மோட்டாரு இல்ல முதலாளி. நான் பத்தவச்ச ஈயம் சரியில்ல. என் கைத் தப்பு" என்றான்.

"உன் கைத் தப்பா?"

"ஆமா முதலாளி."

மெய்யப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். "சாமான்ல கோளாறுன்னா இன்னொரு ஞாயித்துக்கிழம வரச்சொல்லிக் கேட்டுப் பாப்பேன். கைலயே கோளாறுன்னா நூறு விமானத்துக்கு நான் எப்படி அவுங்ககிட்ட வாக்குக் குடுப்பேன், நீயே சொல்லு?" அவன் ஒடிந்த றெக்கையைப் பொறுக்கினான். கேஎல் கார் கிளம்பிப் போயிற்று.

திரும்பி வருகிற வழியில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு ஈயத்தை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியாதவனுக்கு எதற்கு விமானம் என்றேன். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். என் தங்கச்சியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய் என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஆமா மச்சான்" என்றான். எல்லாவற்றுக்கும் "ஆமா மச்சான்"தான்.

டிசம்பரில் லயத்தை இடித்தார்கள். அவனும் ராக்கம்மாவும் தெமியாங்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே வந்தார்கள். சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போடுகிற அறையைக் காலி பண்ணிக் கொடுத்தேன். அவன் ஒரு பேக்டரியில் ஜாகா வேலைக்குப் போனான். கேட்டைத் திறப்பது, மூடுவது. எந்த மிஷினையும் கழற்ற அங்கே யாரும் அவனைக் கூப்பிடவில்லை. விமானம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் மின்விசிறி நின்றுபோனால்கூட, "கடையில குடுத்துரு மச்சான்" என்பான். நான் விடுவேனா? ஆள் வந்தால் போதும், "ஆகாசத்துல பறந்தவரு இப்ப கேட்டு தொறக்குறாரு" என்று ஆரம்பித்துவிடுவேன். அவனும் வந்தவர்களோடு சேர்ந்து சிரிப்பான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மட்டும் லாரிப் பக்கம் வந்து நிற்பான். "மச்சான், சந்தனத்த மேலாப்ல வையி, உள்ள கிள்ள வச்சிராதே" என்பான். எனக்குச் சுள்ளென்று வரும். "லாரிக்கு எங்க வைக்கிறதுன்னு நீ சொல்லிக் குடுக்குறியா?" என்பேன். உள்ளே போய்விடுவான். நாலு வருஷமும் இப்படித்தான்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். நெஞ்சு என்றார்கள். நாற்பத்தைந்து வயது. நான்தான் முன்னின்று எல்லாம் செய்தேன். அன்றைக்குக்கூட யாரோ, "ஏரோப்ளான் அர்ச்சுனனா?" என்று கேட்க, நான் ஆமாம் என்றேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவும்போது ராக்கம்மா ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அவரு சாமான், பூசையில வைக்கலாமாண்ணே?" என்றாள். குறடு, ஊசி, சுருட்டிய செம்புக் கம்பி. அடியில் ஒரு துணியில் சுற்றிய மோட்டார். அவிழ்த்தேன். பின்பக்கத்து ஓட்டை இரண்டிலும் மஞ்சளாக ஏதோ இறுகிப்போயிருந்தது, மேலே சிவப்புத் துளி. எதற்கு மோந்து பார்த்தேன் என்று தெரியாது, மோந்து பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு அப்புறமும் பன்னீர்ச் சந்தன வாசம் வந்தது.

மோட்டாரை அவள் பக்கம் நீட்டினேன். "ராக்கு, இது..." என்றேன்.

அவள் தரையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாருண்ணே. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு தலையில கைவச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'மச்சான் ஆசையா வச்சது, தெரிஞ்சா தாங்கமாட்டாரு'ன்னாரு."

"அட பாவி! நான் அவன அந்தப் பேச்சுப் பேசுனேனே. நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானுந்தானே தொடைக்க வேணாம்னேன். சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? லயமும் போச்சு, அவரும் போயிட்டாரு." வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் டின்னிலிருந்த ஊசியை எடுத்தேன். ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினேன். மஞ்சள் பொடி உள்ளங்கையில் கொட்டியது. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தொட்டு உள்ளே துடைத்தேன். டார்ச் லைட்டுப் பேட்டரி இரண்டை எடுத்துக் கம்பியை வைத்தேன். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் வைத்தேன். அவனே சொன்ன மாதிரி ஈயக் கோளாறாகவோ, மோட்டார் கோளாறாகவோ, வேறு என்ன எழவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

வைத்ததும் ஓடியது. புதுசு மாதிரி ஓடியது.

ராக்கம்மா அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டு வந்து நின்றாள். "ஓடுதாண்ணே?" என்றாள்.

"ஓடுதும்மா" என்றேன்.

அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கம்பியை எடுக்கவும் கை வரவில்லை. ஊசியை எடுத்ததிலிருந்து அது ஓடியது வரைக்கும், ஒன்றும் தெரியாத லாரிக்காரன் எனக்கே இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.